குப்புறப் படுக்க எதை வாங்கலாம்? மேக்குலா துளை அறுவைக்குப் பின் தேவைப்படும் பொருட்கள், மதுரை வீடுகளுக்கு ஏற்றபடி ஓர் அலசல்

விழித்திரையின் நடுப்பகுதியான மேக்குலாவில் விழும் துளைக்கு அறுவை செய்து, கண்ணுக்குள் கேஸ் நிரப்பி, பச்சைத் துணியும் கட்டுமாக வெளியே அனுப்பும்போது சொல்லப்படும் முதல் கட்டளை "குப்புறப் படுங்க" என்பதுதான். எதன் மேல் படுப்பது, எத்தனை மணி நேரம் படுப்பது, மூக்கை எங்கே வைப்பது என்ற கேள்வியெல்லாம் அன்று ராத்திரி வீட்டில்தான் வரும். அந்த அவசரத்தில் மெடிக்கல் கடையில் கைக்கு அகப்படும் காற்று வளையத்தை வாங்கிவிடுகிறார்கள். அது இந்த வேலைக்கு ஆகாது. இப்படி வாங்கப்படும் ஆறு பொருட்களை இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அறுவைக்கு இரண்டு நாள் முன்பே படித்துவிட்டால் நல்லது, ஏனென்றால் இதில் மிகச் சிறந்ததைக் கடையில் ரெடிமேடாக வாங்க முடியாது, வெட்டித் தைக்க வேண்டும்.

முதலில், யாருக்கு இது எதுவுமே தேவையில்லை என்று சொல்லிவிடுவது நியாயம். "நரம்புல ஓட்டை" என்று நம் பக்கம் பொதுவாகச் சொல்வது இரண்டு வெவ்வேறு நோய்களைக் குறிக்கிறது. ஒன்று, விழித்திரையின் ஓரத்தில் விழும் துளை அல்லது கிழிசல். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கும், ஓரத்தில் விழித்திரை மெலிந்திருக்கும் 'லாட்டிஸ்' உள்ளவர்களுக்கும் இது அதிகம் வரும். மினுக் மினுக்கென்று வெளிச்சம் வெட்டுவது, திடீரென்று கொசு பறப்பதுபோலக் கறுப்புப் புள்ளிகள் கூடுவது ஆகியவை இதன் அறிகுறிகள். ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவதுபோலத் தெரிந்தால் விழித்திரை பிரியத் தொடங்கிவிட்டது, அன்றே போக வேண்டும். பிரியாத கிழிசலுக்கு லேசர் போதும். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மரக்கச் செய்து, துளையைச் சுற்றி இரண்டு மூன்று வரிசையாக லேசர் சூடு வைப்பார்கள். நெல் வயலைச் சுற்றி வரப்பு போடுவதுபோல. அந்தத் தழும்பு இறுகிப் பிடிக்க இரண்டு வாரம் வரை ஆகும். அதுவரை பாரம் தூக்குவது, கபடி, குண்டும் குழியுமான ரோட்டில் பைக் எல்லாவற்றையும் தள்ளிவைக்கச் சொல்வார்கள். அன்றே வீட்டுக்குப் போகலாம், எப்படி வேண்டுமானாலும் படுக்கலாம். தொந்தரவே தராத சின்ன வட்டத் துளைகளுக்குப் பல நேரம் லேசர்கூட வேண்டாம், ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும் என்று விட்டுவிடுவார்கள். ஆகவே ஓரத் துளைக்கு வெறும் லேசர் மட்டும் செய்துகொண்டவர் தலையணைக் கடைப் பக்கம் போகவே வேண்டாம்.

இரண்டாவது, விழித்திரையின் நட்ட நடுவில், நாம் எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் உதவும் மேக்குலாவில் விழும் துளை. அறுபது வயதை ஒட்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, அதிகம் வரும். கண்ணை நிரப்பியிருக்கும் ஜெல் வயதாக ஆக நீர்த்துச் சுருங்கும். சுருங்கும்போது அது விழித்திரையிலிருந்து சுலபமாக விடுபட்டுவிட்டால் பிரச்சினையில்லை. நடுப்புள்ளியில் மட்டும் பிடித்துக்கொண்டு இழுத்தால் அங்கே துளை விழுகிறது. நேர்க்கோடு வளைந்து தெரிவது, நடுவில் ஒரு எழுத்து மட்டும் விழுங்கப்படுவது, கதவு நிலை நெளிந்து தெரிவது எல்லாம் இதன் அடையாளம். ஓரப் பார்வை நன்றாகவே இருப்பதால் பலர் இன்னொரு கண்ணை வைத்து ஓட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கண்டுகொள்வதில்லை.

இதன் அளவை, விழித்திரையை அடுக்கடுக்காகப் படம்பிடிக்கும் ஓசிடி ஸ்கேன் மைக்ரான் கணக்கில் சொல்லும். 250 மைக்ரான் வரை சிறியது, 250 முதல் 400 வரை நடுத்தரம், 400க்கு மேல் பெரியது. ஒரு மில்லிமீட்டர் என்பது 1000 மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால் எவ்வளவு நுண்ணிய விவகாரம் என்று புரியும். இந்த எண்ணை ரிப்போர்ட்டில் பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் குப்புறப் படுக்க வேண்டும், எந்தப் பொருளை வாங்க வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமையும்.

1991இல் அமெரிக்காவில் கெல்லி, வெண்டெல் என்ற இரு மருத்துவர்கள் 52 கண்களில் அறுவை செய்து 30 கண்களில் துளையை மூடிக்காட்டும் வரை, இந்தத் துளைக்கு மருந்தில்லை என்றே கருதப்பட்டது. இன்று சிறிய, நடுத்தரத் துளைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மூடிவிடுகின்றன. ஜெல்லை எடுத்துவிட்டு, துளையைச் சுற்றியுள்ள உள் எல்லைச் சவ்வை நீலச் சாயம் ஏற்றி உரிக்கிறார்கள். சில மைக்ரான் தடிமன்கூட இல்லாத சவ்வு அது. இந்தச் சாயத்தைத் தயாரிக்கும் இடங்களில் ஒன்று நம் வீரபாஞ்சானில் இருக்கும் ஆரோலேப் என்பது மதுரைக்காரர்களுக்கே பலருக்குத் தெரியாது. உரித்த பிறகு கண்ணுக்குள் கேஸ் நிரப்புகிறார்கள். துளை மிகப் பெரியதாக இருந்தால் சவ்வை முழுவதும் எடுக்காமல் மடித்துத் துளைக்கு மூடிபோல வைப்பதும் உண்டு.

கேஸ் குமிழி எப்போதும் மேல்நோக்கித்தான் மிதக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தால் அது கண்ணின் மேல் பகுதிக்குப் போகும். மேக்குலா இருப்பது கண்ணின் பின்சுவரில். அந்தப் பின்சுவர் உச்சியாக மாற வேண்டுமென்றால் முகம் தரையைப் பார்க்க வேண்டும். குமிழி துளையின் மேல் உட்கார்ந்து நீர் உள்ளே போகாமல் தடுத்தால், விளிம்புகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். ஆகவே வாங்கப்போகும் எந்தப் பொருளையும் மூன்றே கேள்வியால் சோதித்துவிடலாம்: முகம் தரைக்கு இணையாக இருக்கிறதா? கண்ணின் மேல் எதுவும் அழுத்தாமல் இருக்கிறதா? கழுத்து வலிக்காமல் ஒரு மணி நேரம் தாங்குமா? இந்த வரிசையிலேயே முக்கியத்துவமும். ஆனாலும் மூன்றாவது சரியில்லையென்றால் ஆள் எழுந்துவிடுவார், அப்போது முதல் இரண்டும் வீண்.

வாங்குவதற்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டியவை: எத்தனை நாள், பகலில் மட்டுமா ராத்திரியுமா, ராத்திரி ஒருக்களித்துப் படுக்கலாமா, என்ன கேஸ். சிறிய துளைக்குச் சிலர் "மல்லாக்கப் படுக்காமல் இருந்தால் போதும்" என்பார்கள். பெரிய துளைக்கு மூன்று நாள் முதல் ஏழு நாள் வரை சொல்வார்கள். ஒன்றிரண்டு நாளுக்கு என்றால் வீட்டிலிருக்கும் தலையணைகளே போதும், ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம்.

மெடிக்கல் கடைக் காற்று வளையம்

மூலநோய்க்கு உட்காரப் பயன்படும் ரப்பர் வளையம். எல்லோரும் முதலில் வாங்குவது இதைத்தான், கடைக்காரரும் நல்லெண்ணத்தோடுதான் எடுத்துக் கொடுக்கிறார். ஆனால் நடு ஓட்டை வட்டமானது, முகம் நீளமானது. நெற்றியை ஒரு பக்கம் வைத்தால் தாடை உள்ளே விழும், தாடையை வைத்தால் வளையத்தின் விளிம்பு புருவத்துக்குக் கீழே வந்து கண்ணை மூடியிருக்கும் ஷீல்டை அழுத்தும். காற்றை முழுதாக நிரப்பினால் கல்போல இருக்கும், குறைத்தால் தலையின் பாரத்தில் ஓரம் பிதுங்கிக் கண் பக்கம் சாயும். ராத்திரியில் காற்று கசிந்து இறங்கினால் தூங்குகிறவருக்குத் தெரியாது. வியர்வையில் ரப்பர் கன்னத்தோடு ஒட்டிக்கொள்ளும். இதை வாங்கவே வேண்டாம். வாங்கிவிட்டிருந்தால், உட்காரும் நாற்காலியில் போட்டு உட்காரலாம், முகத்துக்கு வேண்டாம்.

பயணத்துக் கழுத்துத் தலையணை

பஸ்ஸிலும் ரயிலிலும் கழுத்தில் மாட்டும் லாட வடிவத் தலையணை, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மேசை மேல் வைத்து, வளைவில் நெற்றியும் இரு கைகளில் கன்னமும் படும்படி, திறந்த பக்கம் தாடைக்கு வருமாறு குனிந்தால் பகலில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நன்றாகவே தாங்கும். வாயும் மூக்கும் திறந்திருப்பதால் பேசலாம், மூச்சு முட்டாது. ஆனால் இதன் உள் அகலம் கழுத்துக்காகச் செய்தது, குறுகலானது. முகம் அகலமானவர்களுக்குக் கை இரண்டும் கண்ணின் வெளி ஓரத்தில் வந்து நிற்கும். கடையிலேயே முகத்தை வைத்துப் பார்த்து, கண்ணின் ஓரத்துக்கும் தலையணைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சின்ன மணி நிரப்பியதை விட்டுவிட்டு ஃபோம் நிரப்பியதை எடுக்கலாம். மணி நிரப்பியது இடம் மாறி மாறிச் சரியும். படுக்கையில் ராத்திரிக்கு எந்த வகையும் ஆகாது, புரளும்போது கழன்றுவிடும்.

இலவம் பஞ்சுத் தலையணை

போடி பக்கத்து இலவம் பஞ்சுக்கு இருக்கும் பெயர் சும்மா வந்ததில்லை. சித்திரை வெயிலிலும் முகத்தைச் சுடாது, வியர்வையை இழுத்துக்கொள்ளும். நெஞ்சுக்கு அடியில் வைக்க இதைவிட நல்ல பொருள் கிடையாது. முகத்துக்கு வைப்பதில்தான் இரண்டு சிக்கல். இலவம் அமுங்கும்: காலையில் நான்கு அங்குலம் இருந்தது மாலையில் இரண்டாகியிருக்கும், அப்போது மூக்கு மெத்தையில் இடிக்கும், ஷீல்டும் படும். அதைவிடப் பெரிய கவலை தூசு. உறைத் துணி நெருக்கமாக நெய்ததாக இல்லாவிட்டால் நுண்ணிய இழைகள் வெளியே பறக்கும். தையல் போட்ட கண்ணுக்கு அரை அடி தூரத்தில் ராத்திரி முழுக்க அந்தத் தூசு இருப்பது நல்லதல்ல. ஆகவே நெஞ்சுக்கு இலவம், முகத்துக்கு வேறு.

மெத்தைக் கடையில் வெட்டி வாங்கும் ஃபோம்

நம் தேர்வு இதுதான். மதுரையில் எந்த ஏரியாவிலும் ஒரு மெத்தை, சோபா வேலைக் கடை இருக்கும். அங்கே "40 டென்சிட்டி ஃபோம், 4 அங்குலத் தடிமன்" என்று கேளுங்கள். 32 டென்சிட்டி தலையின் பாரத்துக்கு அமுங்கிவிடும். பழைய ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டிச் செய்யும் ரீபாண்டோ பலகைபோல இருக்கும், நெற்றியில் ஒரு மணி நேரத்தில் தடம் விழுந்து வலிக்கும்.

அளவு: அகலம் 13 அங்குலம், நீளம் 12 அங்குலம். தாடை வரும் பக்கத்திலிருந்து உள்நோக்கி 8 முதல் 9 அங்குலம் வரை ஒரு வாய்க்கால்போல வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். கண் வரும் உயரத்தில் அந்த வாய்க்கால் 5 அங்குல அகலம் இருக்க வேண்டும், கன்னத்துக்கும் தாடைக்கும் வரும் இடத்தில் 4 அங்குலம் போதும். மேலே மூன்று நான்கு அங்குலம் மிச்சமிருக்கும் பகுதியில் நெற்றி உட்காரும். தலையின் பாரம் நெற்றியிலும் இரு கன்ன எலும்பிலும் விழ வேண்டும், கண்குழியைச் சுற்றிய எலும்பில்கூட விழக்கூடாது. உள் விளிம்பைக் கத்தியால் சாய்வாகச் சீவிவிட்டால் கன்னத்தில் கோடு விழாது. கடைக்காரரிடம் என்னவென்று சொல்லிப் புரியவைப்பதைவிட, பழைய செய்தித்தாளில் நோயாளியின் முகத்தை வைத்து வரைந்து வெட்டி அந்த அச்சைக் கொண்டுபோய்க் கொடுப்பது சுலபம். அளவு ஒரு முகத்துக்கு ஒன்று. அப்பாவுக்கு வெட்டியதை அத்தைக்குக் கொடுத்தால் பொருந்தாது.

உறைக்குப் பழைய பருத்தி வேட்டி மிகப் பொருத்தம். பலமுறை துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும், நூல் பிரியாது. நான்கு உறையாவது தைத்துவைத்துக்கொள்ளுங்கள். தினம் இரண்டு மாற்றி, வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைத்தால் போதும். ரெக்சின், சாட்டின், சிந்தெடிக் துணி வேண்டாம். நம் ஊர் வெக்கையில் முதல் நாளே முகமெல்லாம் வேர்க்குரு வந்துவிடும்.

இந்தத் துண்டின் பெரிய வசதி, படுக்கையிலும் மேசையிலும் ஒன்றே உதவும் என்பது. குறையும் உண்டு: கட்டில் மேல் வைத்தால் பார்ப்பதற்கு மெத்தையைத் தவிர ஒன்றும் இல்லை, காற்றும் குறைவு. கட்டிலின் தலைமாட்டுக்குக் கட்டை இல்லையென்றால், துண்டின் பாதி விளிம்புக்கு வெளியே வருமாறு ஒரு பலகையைத் தாங்கலாகக் கொடுத்துப் படுத்தால் வாய்க்கால் வழியாகத் தரை தெரியும். தரையில் ஃபோனை வைத்துப் பாட்டும் கேட்கலாம், பேரப்பிள்ளை முகமும் பார்க்கலாம்.

மசாஜ் மேசை முகத்தாங்கியும் முட்டிபோட்டு உட்காரும் நாற்காலியும்

ஆன்லைனில் வரும் முகத்தாங்கி என்பது மசாஜ் மேசைகளில் தலைப்பக்கம் மாட்டும் லாட வடிவ மெத்தை. கோணத்தையும் உயரத்தையும் மாற்றலாம். வீட்டுக் கட்டிலில் மாட்ட, மெத்தைக்கு அடியில் செருகும் பலகை வைத்த வகை வேண்டும். வெறும் இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் வகை மசாஜ் மேசைக்கு மட்டுமே பொருந்தும், நம் கட்டிலில் அதற்கு ஓட்டை கிடையாது. இதைப் பார்க்காமல் வாங்கி ஏமாறுவது வழக்கமாக நடக்கிறது. சரியாக மாட்டினால் முகத்தின் மட்டம் இதைப்போல வேறெதிலும் அமையாது, காற்றும் தாராளமாக வரும். ஏழு நாள் கண்டிப்பாக என்று சொல்லப்பட்டவருக்கும், கழுத்துத் தேய்மானம் உள்ளவருக்கும் செலவு தகும். மூன்று நாளுக்கு என்றால் தகாது.

முன்பக்கம் சாய்ந்து, நெஞ்சைத் தாங்கி, முட்டியை ஒரு பட்டையில் ஊன்றி உட்காரும் மடக்கு நாற்காலியும் உண்டு. பகலுக்கு அருமையானது. ஆனால் இந்த நோய் வரும் வயதில் முட்டிவலி இல்லாதவர் குறைவு. முட்டி மடக்க முடியாதவருக்கு அது தண்டனை. குள்ளமானவர்களுக்கு முகம் தாங்கி வரை எட்டாது. வாங்கும் முன் தாங்கும் எடை எவ்வளவு என்று லேபிளில் பாருங்கள். கட்டில், வீல்சேர் வாடகைக்குத் தரும் கடைகளில் கேட்டுப்பார்த்து, கிடைத்தால் வாடகைக்கே எடுங்கள், ஒரு வாரத்துக்குப் பிறகு அது வீட்டில் இடத்தை அடைக்கும் சாமான்தான்.

குனிந்தபடியே டிவி பார்க்க உதவும் கண்ணாடி ஸ்டாண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மனச்சோர்வுக்கு நல்லது, குணமாவதற்கு அவசியமில்லை.

பொருளைவிட முக்கியம், அதை வைக்கும் விதம்

நல்ல தலையணை வாங்கியும் பாதி வீடுகளில் தவறுவது நெஞ்சில்தான். முகத்துக்கு நான்கு அங்குலம் உயர்த்திவிட்டு நெஞ்சை மெத்தையிலேயே விட்டால் கழுத்து பின்னால் ஒடியும், தாடை தூக்கும், முகம் சுவரைப் பார்க்கும். இலவம் தலையணையை மடித்து, காறை எலும்புக்குக் கீழிருந்து கடைசி விலா வரை நெஞ்சுக்கு அடியில் ஐந்தாறு அங்குல உயரத்துக்கு வையுங்கள். வயிற்றுக்கு அடியில் வைக்காதீர்கள், மூச்சு வாங்கும். கணுக்காலுக்கு மேலே முழங்காலுக்குக் கீழே ஒரு திண்டு கொடுத்தால் கால்விரல் மெத்தையில் குத்தாது. கைகளைத் தலைக்கு மேல் மடக்கி முழங்கையை ஊன்றிப் படுத்தால், சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். முழங்கையில் போகும் நரம்பு அழுந்துவதால் வருவது இது. அலட்சியப்படுத்தினால் வாரக்கணக்கில் நிற்கும். கைகளை உடம்போடு தளர்வாக விட வேண்டும்.

மட்டம் சரியா என்று பக்கத்தில் நின்று பார்ப்பவர் நெற்றியையும் தாடையையும் ஒரு கோடாக நினைத்துப் பார்த்தால் போதும். அந்தக் கோடு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். சில நாள் கழித்து நோயாளியே சோதிக்கலாம்: கேஸ் கொஞ்சம் சுருங்கிய பிறகு, குனிந்திருக்கும்போது குமிழி பார்வையின் நட்ட நடுவில் வட்டமாகத் தெரிந்தால் மட்டம் சரி. ஓரத்துக்கு ஒதுங்கினால் தலை சாய்ந்திருக்கிறது.

ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் குனிவு, பத்து நிமிடம் எழுந்து நடப்பது என்பது பரவலான ஏற்பாடு. அந்த நடையும் தலை குனிந்தபடிதான். கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டாமலிருக்க அந்த நடை அவசியம், சோம்பல்படக்கூடாது. சாப்பாட்டுக்கு இட்லி, சப்பாத்தி, பிசைந்த சாதம் சுலபம். தட்டை மடியில் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர், மோர், பருத்திப்பால் எதுவானாலும் ஸ்ட்ரா போட்டுக் குடிக்க வேண்டும், அண்ணாந்து குடிக்கவே கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர் குனிந்தே இருப்பதால் பசியில்லை என்று சாப்பாட்டைக் குறைத்துவிட்டு மாத்திரையை மட்டும் போட்டால் சர்க்கரை இறங்கிவிடும், இதை வீட்டில் ஒருவர் கவனிக்க வேண்டும். ஆஸ்துமா, நெஞ்சுச் சிக்கல், தொப்பை அதிகம் உள்ளவர்கள் படுக்கவே வேண்டாம். சாப்பாட்டு மேசையில் ஃபோம் துண்டை வைத்துக் குனிந்து உட்காருவதே அவர்களுக்கு நல்லது, குமிழிக்கு இரண்டும் ஒன்றுதான்.

எப்படி வேண்டுமானாலும் சலுகை உண்டு, மல்லாக்கப் படுப்பதற்கு மட்டும் கிடையாது. மல்லாந்தால் குமிழி முன்னால் வந்து லென்ஸைத் தொடும், கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழியை அடைத்து அழுத்தத்தை ஏற்றிவிடும். தூக்கத்தில் புரளும் பழக்கம் உள்ளவருக்குப் பழைய பனியனின் முதுகில் ஒரு பை தைத்து டென்னிஸ் பந்தைப் போட்டுவிட்டால் மல்லாரும்போது உறுத்தி எழுப்பிவிடும். இதற்கு ஆகும் செலவு கொஞ்சம்தான், ஆனால் இந்தப் பட்டியலில் அதிகம் பயன்தரும் பொருட்களில் இதுவும் ஒன்று.

ஷீல்டை ஒட்டும் மைக்ரோபோர் பிளாஸ்டர் வியர்வையில் கழலும். நெற்றியையும் கன்னத்தையும் உலர்ந்த சுத்தமான துணியால் ஒற்றிவிட்டு, நெற்றியிலிருந்து கன்னத்துக்குச் சாய்வாக இரண்டு பட்டை ஒட்டினால் நிற்கும். பிளாஸ்டிக் ஷீல்டைத் தினமும் கழுவிக் காயவைக்க வேண்டும். சொட்டு மருந்து விடும்போது மட்டும் சற்று நிமிரலாம், அதற்கும் முன்பு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இரண்டு மருந்துக்கு நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி விடாவிட்டால் முதல் மருந்தை இரண்டாவது கழுவிக்கொண்டு போய்விடும். கண் வெளுத்துவிட்டது என்று ஸ்டீராய்டு சொட்டைத் தானாக நிறுத்தாதீர்கள், அதைப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். கடுமையான வலி, வாந்தி, கூடிக்கொண்டே போகும் சிவப்பு, இருந்த வெளிச்சமும் மங்குவது இவற்றில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்காமல் ராத்திரியே அறுவை செய்த இடத்துக்குப் போக வேண்டும்.

கொடைக்கானல் பஸ்

மதுரையில் அறுவை செய்துகொள்பவர்களில் கணிசமானோர் வெளியூர்க்காரர்கள். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதிலிருந்து, கண் என்றாலே சுற்றியுள்ள மாவட்டங்களுக்கெல்லாம் மதுரைதான். ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கைக்குப் போகிறவர்களுக்குச் சமவெளிப் பயணம், முன் சீட்டுக் கம்பியில் தலையணையை வைத்துக் குனிந்துகொண்டே போய்விடலாம். மலைக்குப் போகிறவர்களுக்குத்தான் ஆபத்து. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவதால் கண்ணுக்குள்ளிருக்கும் கேஸ் கால் பங்குக்கும் மேல் விரியப் பார்க்கும். விரிய இடமில்லாததால் கண் அழுத்தம் எகிறி, பார்வை நரம்புக்கு ரத்தம் போவது நின்றுவிடலாம். ஒருமுறை போன அந்தப் பார்வை திரும்பாது. மூணாறுக்கும், மதுரை விமான நிலையத்திலிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும் இதே விதிதான்.

20 சதவீத எஸ்.எஃப்.6 கேஸ் கரைய இரண்டு வாரம் போல ஆகும். 14 சதவீத சி3எஃப்8 என்றால் ஆறு முதல் எட்டு வாரம். மலையில் வீடு உள்ளவர்கள், எஸ்டேட் வேலையில் இருப்பவர்கள் இதை அறுவைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் சீக்கிரம் கரையும் கேஸைத் தேர்ந்தெடுப்பார்கள், அல்லது கேஸுக்குப் பதில் சிலிகான் ஆயில் வைப்பதைப் பற்றி யோசிப்பார்கள். ஆயிலுக்கு மலை தடையில்லை, ஆனால் அதை எடுக்க இன்னொரு அறுவை உண்டு. அறுவைக்குப் பிறகு சொன்னால், கேஸ் கரையும் வரை கீழே உறவினர் வீட்டில் தங்குவதைத் தவிர வழியில்லை. இதே நாட்களில் வேறு எந்த அறுவைக்காக மயக்கம் கொடுப்பதானாலும் கண்ணில் கேஸ் இருப்பதைச் சொல்ல வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவைக் கொடுத்தால் மலையேறியதற்குச் சமமான ஆபத்து.

எப்போது தெரியும்

கேஸ் நிறைந்திருக்கும்போது கண் திறந்தால் கைவிரல்கூடச் சரியாகத் தெரியாது. பயப்பட வேண்டாம், அது கேஸின் மங்கல். கரையக் கரைய, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தில் தெரிவதுபோல ஒரு கோடு பார்வையில் ஆடும். கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே மங்கல். நாள் போகப் போகக் கோடு இறங்கி, கடைசியில் கீழே ஒரு சின்ன வட்டமாகி, சில நேரம் இரண்டு மூன்றாக உடைந்து மறையும். துளை மூடியதா என்பதை ஓசிடிதான் சொல்லும். மூடினாலும் பார்வை உடனே வராது. வளைந்த கோடு நிமிர்வதும் எழுத்து கூடுவதும் மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டு வரை, கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். துளை எவ்வளவு சிறியது, எத்தனை மாதமாக இருந்தது என்பதைப் பொறுத்துப் பலன் மாறும். பழைய பார்வை அப்படியே வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. புரை விழாத கண்ணாக இருந்தால் இந்த அறுவைக்குப் பிறகு ஓரிரு ஆண்டில் புரை விழுவது சகஜம். "ஆபரேஷன் கெட்டுப்போச்சு" என்று அதை நினைக்க வேண்டாம், சாதாரணப் புரை அறுவையில் சரியாகிவிடும். மற்றக் கண்ணையும் ஓசிடியில் பார்த்துவிட வேண்டும், பத்தில் ஒருவர் அளவுக்கு அதிலும் துளை வரக்கூடும். வீட்டில் ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியை வாரம் ஒருமுறை பார்த்தால் வளைவு வந்தால் தெரிந்துவிடும்.

குப்புறப் படுக்கும் நாட்கள் முடிந்ததும் ஃபோம் துண்டைச் சோப்புத் தண்ணீரில் அலசி இரண்டு நாள் நிழலில் காயவைத்து எடுத்துவையுங்கள். மற்றக் கண்ணுக்கோ அதே முக அளவுள்ள வேறொருவருக்கோ உதவும். கையில் கட்டிவிட்ட 'கேஸ் உள்ளது' பட்டையை மட்டும் நீங்களாக அவிழ்க்காதீர்கள். குமிழி உங்கள் பார்வைக்கு மறைந்த பிறகும், டாக்டர் கருவியில் பார்த்து "போயிடுச்சு" என்று சொன்ன பிறகே அதை வெட்ட வேண்டும்.